சேர் கடித்துப் பார்த்த சந்தூர்

நான் வேலை செய்த இசைக் கல்லூரியின் வாத்தியக் களஞ்சியத்தில் இப்போது இருக்கிற பிள்ளைகள் போன மாதம் எனது தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். கையால் செய்த பழைய சந்தூர் ஒன்றின் படம், இரண்டு குச்சிகளால் தட்டி வாசிக்கிற கம்பி வாத்தியம். கொழும்பில் யாரோ விற்கிறாராம். படத்தோடு சின்னதாக ஓர் ஒலிப்பதிவும் இருந்தது. வாங்கலாமா அக்கா என்று கேட்டிருந்தார்கள்.

படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, நேரில் போய்ப் பாருங்கள் என்று எழுதினேன். நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குப் பதில் எழுதத் தொடங்கி, மூன்றாவது வரியிலேயே கனகரெத்தினம் சேரும் ஏறாவூர் ஹனீபா காக்காவும் வந்து குறுக்கே நின்றுவிட்டார்கள். அவர்களைத் தொலைபேசிக்குள் அடக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். சேர் காலமாகி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அவர் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. தேற்றாத்தீவிலிருந்து வந்து களஞ்சிய உதவியாளராகச் சேர்ந்தபோது வீணை எது, தம்பூரா எது என்றே தெரியாது. இரண்டின் பெயர்ச் சீட்டையும் மாற்றி ஒட்டி வைத்திருந்தேன். ஒரு தவணை முழுவதும் யாரும் கவனிக்கவில்லை. பிறகு கம்பி மாற்றவும், விட்டுப்போன மூட்டுக்குப் பசை வைக்கவும், தோல் இறுக்கவும் கை பழகிக்கொண்டது. வாத்தியப் பிரிவுத் தலைவராக இருந்த கனகரெத்தினம் சேர், பழைய வாத்தியம் பார்க்கப் போகும்போதெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். புதிய வாத்தியங்களுக்கு விண்ணப்பித்தால் அது எந்த மேசையில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நாங்கள் வாங்கியதெல்லாம் வெளிநாடு போகிறவர்களும், வாசித்த பிள்ளையைக் கட்டிக்கொடுத்தவர்களும் விற்ற வாத்தியங்கள்தான்.

முதல் முதல் போனது கிரானுக்கு. நிறைய வயல் வைத்திருந்த ஒரு போடியாரின் வீட்டில் ஆர்மோனியம். வெளியே நன்றாக மினுங்கியது. நான் துருத்தியை அமுக்கினேன். சுரம் வரவில்லை, நெல் வந்தது. எலி உள்ளே களஞ்சியம் வைத்திருந்தது. சேர் ஒரு கை நெல்லை அள்ளி ஊதிப் பார்த்து, என்ன இனம் என்று கேட்டார். போடியார் உற்றுப் பார்த்துவிட்டு, இது தன்னுடைய வட்டையில் விளைந்த நெல்லே இல்லை, பக்கத்து வட்டைக்காரருடையது என்றார். பக்கத்து வட்டைக்காரரைக் கூப்பிட ஆள் போனது. அவர் வந்து, அது தன்னுடைய நெல்தான் என்று ஒப்புக்கொண்டு, ஆனால் எலி போடியாருடையது என்றார். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் ஆர்மோனியத்தைப் பற்றிப் பேசவில்லை. எதையும் தொடுவதற்கு முன்னால் மணந்து பார்க்க வேண்டும் என்பதை நான் அன்று படித்தேன்.

சேருடைய முறைகளைச் சொல்ல வேண்டும். வாத்தியம் இருக்கிற அறைக்குள் செருப்போடு போகமாட்டார். விற்கிறவர் முன்னால் அதைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு சொல்லும் பேசக்கூடாது, அது அவர்களுடைய வீட்டு ஆள் என்பார். அதனால் எங்களுக்குள் ஒரு குறிப்பு வைத்திருந்தார். வாத்தியம் பிடித்துவிட்டால், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று வீட்டுக்காரரிடம் கேட்பார். பிடிக்காவிட்டால், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார். காலையில் போயிருந்தாலும் கடைசி பஸ்தான்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் கடித்துப் பார்ப்பார். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், அதில் உண்மை இருக்கிறது. வாத்தியத்தின் ஓரத்தைப் பல்லால் மெதுவாகப் பிடித்துக்கொண்டு கம்பியைத் தட்டினால், காதுக்குப் படாத இரைச்சலும் எலும்பு வழியாக மண்டைக்குள் கேட்கும். சேர் சட்டைப் பையிலிருந்து துவைத்த லேஞ்சி ஒன்றை எடுத்து ஓரத்தில் விரித்து, வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, குனிந்து கடிப்பார். அனுமதி கேட்ட விதத்தில் மறுக்க யாருக்கும் மனம் வந்ததில்லை. ஆனால் கடிக்கும்போது பார்த்துக்கொண்டிருக்கவும் யாராலும் முடிந்ததில்லை. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் அந்த நேரம் முற்றத்தைப் பார்ப்பார்கள்.

இப்படியே பல வருடங்கள் நன்றாகப் போயிற்று. ஓய்வுபெறச் சில வருடங்கள் இருந்தபோது சேர் சில நாட்கள் லீவில் நின்றார். திரும்பி வந்தபோது முகத்தின் கீழ்ப்பாதி புதிதாக இருந்தது. பல் முழுவதையும் கழற்றிப் பொய்ப்பல் வைத்திருந்தார். கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. வார்த்தைக்கு வார்த்தை ஒரு சின்னக் 'கிளிக்' சத்தம் வரும். மாணவர்கள் அதை ஒரு தாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்திலிருந்து சேர் பார்த்த எந்த வாத்தியமும் தேறவில்லை. களுவாஞ்சிக்குடியில் ஒரு வீணை, செங்கலடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வயலின், நகரத்தில் ஒரு தம்பூரா. மூன்றும் எனது கைக்கு நல்லவையாகத்தான் தெரிந்தன. மூன்றையும் சேர் கடித்துப் பார்த்துவிட்டு, இரைச்சல் இருக்கிறது என்று எனது காதில் சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸை விசாரித்தார். வயது போகப் போக மனிதர் கண்டிப்பாகிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

அப்போதுதான் நிரோஷினி மிஸ் வந்தார். இந்தியாவில் சந்தூர் படித்துவிட்டுத் திரும்பிய இளம் விரிவுரையாளர். குருவின் வாத்தியத்தில் படித்தவர், வெறுங்கையோடு வந்திருந்தார். கல்லூரி அவரைத் தற்காலிகமாக எடுத்தது. அடுத்த தவணைக்குள் சந்தூர் ஒன்று கிடைத்தால் வகுப்பு தொடங்கும், கிடைக்காவிட்டால் வகுப்பும் இல்லை, அவருக்கு வேலையும் இல்லை. பெயர் கொடுத்த மாணவர்களுக்கு அவர் இரண்டு பென்சில்களால் மேசையில் தட்டிக் காட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகளும் பென்சிலால் தட்டினார்கள். மேல்மாடியில் இருந்த கல்லூரி அதிபர், கீழே தச்சுவேலை நடக்கிறதா என்று ஆளனுப்பிக் கேட்டார்.

ஏறாவூரில் ஒருவரிடம் சந்தூர் இருக்கிறது என்ற செய்தி இந்த நிலையில்தான் வந்தது. எங்களுடைய பக்கத்து முஸ்லிம் ஊர்களில் காக்கா என்றால் அண்ணன். ஹனீபா காக்கா குவைத்தில் வாகனம் ஓட்டியவர். அங்கே பக்கத்துக் கடையில் இருந்த ஈரான்காரத் தச்சர் ஒருவர் தன் கையால் செய்து கொடுத்த சந்தூர் அது. மகளுக்குக் கல்யாணம் முடிந்து வீடு சீதனமாக மகளுக்குப் போய்விட்டது. தாயும் தகப்பனும் வளவின் பின்பக்கம் கட்டிய இரண்டு அறைகளுக்கு மாறியிருந்தார்கள். அலமாரிக்கு மேல் இடம் இல்லாததால்தான் விற்கிறார் என்று சொன்னார்கள். சேர், மிஸ், நான், மூவரும் ஒரு காலையில் போனோம்.

ஹனீபா காக்கா எங்களை உட்காரவைத்துவிட்டு, முதலில் எங்களைத்தான் பரிசோதித்தார். மிஸ்ஸிடம், கல்லூரியில் பூனை நிற்கிறதா, வாத்தியம் வைக்கிற அறை ஒழுகுமா, மாணவர்கள் கோபக்காரர்களா என்றெல்லாம் கேட்டார். பிறகு சேரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீங்களும் வாசிப்பீங்களா என்றார். சேர், தான் மிருதங்கம் வாசிப்பவர் என்றார். அடிக்கிற ஆளா என்று காக்கா யோசித்தார். இதற்குள் அவருடைய மனைவி ஜெமீலா ராத்தா தண்ணீர், பலூடா, வட்டிலப்பம் என்று மேசையை நிரப்பிவிட்டார். கேட்காமலே தண்ணீர் வந்துவிட்டதால் எங்களுடைய குறிப்பில் பாதி அப்போதே பழுதாகிப் போனது.

சந்தூர் கம்பளியால் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. வால்நட் மரம், அகலமான பெட்டி, ஒவ்வொரு சுரத்துக்கும் நாலு நாலு கம்பி. பிள்ளைகள் என்னிடம் கேட்டது இந்த இடத்தைத்தான், ஆகவே செய்தபடியே சொல்கிறேன்.

உடனே தட்டக்கூடாது. தட்டினால் சத்தத்தில் மயங்கிவிடுவோம். முதலில் குனிந்து, கண்ணைப் பலகையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, யன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். இத்தனை கம்பிகளின் பாரத்தையும் மேல்பலகைதான் தாங்குகிறது. அது நடுவில் அமிழ்ந்திருந்தால் ஆயுள் முடிந்துவிட்டது. கொஞ்சம் மேடாக இருந்தால் நல்லது. இது மேடாக இருந்தது. பிறகு பஸ் டிக்கட் ஒன்றை எடுத்துப் பெட்டியின் மூட்டெல்லாம் ஓட்டிப் பார்க்க வேண்டும். டிக்கட் உள்ளே போகிற இடத்தில் பசை விட்டிருக்கிறது. எங்கும் போகவில்லை. மேல்பலகையில் பூ வடிவாக வெட்டிய பூத்துளையில் மூக்கை வைத்து மணக்க வேண்டும். எலியும் கறையானும் மணத்தை மறைக்கத் தெரியாதவை. இதில் பழைய மரமும் கொஞ்சம் அத்தரும் மணத்தது. கறுப்புத் துணியை விரித்து அதன்மேல் பெட்டியைக் கவிழ்த்து மெல்லத் தட்ட வேண்டும், வண்டு துளைத்திருந்தால் மரம் மாவாகக் கொட்டும். கொட்டவில்லை.

அடுத்தது கம்பி முறுக்கும் ஆணிகள். சாவியை மாட்டி ஓர் ஆணியை மயிரிழை தளர்த்தி மறுபடி ஏற்ற வேண்டும். இறுக மூடிய ஊறுகாய்ப் போத்தல் மூடியைப் போல் திரும்பினால் நல்லது. வழுவழுவென்று திரும்பினால் துளை தேய்ந்துவிட்டது. கடக் கடக்கென்று துள்ளினால் துரு. எங்களுடைய உப்பு வாவிக் காற்றுக்கு அதுதான் வழக்கம். இந்த ஆணிகளில் துருவே இல்லை. காக்கா அத்தனைக்கும் எண்ணெய்த் துணி போட்டிருந்தார். கடைசியாகச் சுருதி கூட்டிவிட்டு, வாத்தியத்தை விட்டு எழும்பிப் போய் வேறு கதை பேச வேண்டும். திரும்பி வரும்போது எல்லாக் கம்பியும் ஒரே அளவாக இறங்கியிருந்தால் பயமில்லை, ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்துக் கட்டை வெடிக்கிறது என்று பொருள். நாங்கள் வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம். இறங்கவே இல்லை.

மிஸ் குச்சிகளை எடுத்து மெல்லத் தட்டினார். பென்சிலோடு காலம் தள்ளிய பெண். அந்த ஒலியைக் கேட்டதும் அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து, சேர் கடிக்காமல் விட்டால் என்ன என்று நினைத்தேன்.

சேர் லேஞ்சியை விரித்தார். காக்காவிடம் அனுமதி கேட்டார். காக்கா சரியென்று சொன்னார், என்னத்துக்குச் சரி சொன்னார் என்று அவருக்கே விளங்கியிராது. சேர் குனிந்து ஓரத்தைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாகத் தட்டும்படி மிஸ்ஸுக்குக் கைகாட்டினார். தேத்தண்ணீரோடு வந்த ராத்தா வாசலிலேயே நின்றுவிட்டார்.

கீழ்ச் சுரம் ஒன்றில் சேரின் கை நின்றது. நிமிர்ந்து, இரைச்சல் இருக்கிறது என்று எங்களிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. மிஸ்ஸுக்கும் கேட்கவில்லை. ஆனால் சொன்னது காக்காவின் காதில் விழுந்துவிட்டது, அவருடைய முகம் மாறியது.

"ஒரு நாளும் அது இரஞ்சதில்ல சேர். என்ட காதால கேட்டுக்கிட்டு வாறன்."

சேர் நியாயமான மனிதர். தன்னிடம்தான் பிழையோ என்று அவருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று பல்லைக் கழற்றினார். ராத்தா பதறிப்போய்த் தேத்தண்ணீர்க் கோப்பையின் அடியில் இருந்த பீரிசை நீட்ட, பல்லை அதில் வைத்து லேஞ்சியால் மூடினார். மேசையில் சாப்பாட்டுச் சாமான். பீரிசு வைக்க இடமில்லை. ஆகவே அதைச் சந்தூரின் மேல்பலகையில், ஓரமாக இருந்த வெற்றிடத்தில் வைத்துவிட்டு, பல்லில்லாத வெறும் முரசால் கடித்துக்கொண்டு கைகாட்டினார். மிஸ் தட்டினார்.

இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. கண்ணாடிப் போத்தலுக்குள் அகப்பட்ட குளவி மாதிரி ஓர் இரைச்சல். சேர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். காக்கா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

மிஸ் அதே கம்பியைத் தட்டிக்கொண்டிருக்க நான் இரைச்சல் வருகிற இடத்தைத் தேடினேன். கம்பியைத் தாங்கும் குதிரைகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தினேன். பூத்துளையை உள்ளங்கையால் மூடினேன். ஆணிகளுக்கு இடையில் கடதாசி செருகினேன். பெட்டியின் பக்கப் பலகையில் காதை ஒட்டினேன். இரைச்சல் போகவில்லை. சேர் வாய் கொப்பளிக்க முற்றத்துக் குழாயடிக்குப் போனார். காக்கா மனமுடைந்த நிலையிலும் விருந்தாளிக்குத் துவாய் எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

ராத்தாவுக்கு மட்டும் வேறு கவலை. அந்தப் பீரிசு அங்கே இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு விரலால் அதைத் தூக்கி யன்னல் படியில் வைத்தார். இரைச்சல் நின்றது.

மிஸ் தட்டுவதை நிறுத்தவில்லை. அதே கம்பி, அதே அடி, கோயில் மணி மாதிரிச் சுத்தமான நாதம். ராத்தா பீரிசைத் திரும்பப் பலகையில் வைத்தார். குளவி வந்தது. எடுத்தார். போனது. லேஞ்சிக்கு அடியில் பீரிசும் பல்லும் சேர்ந்து ஆடியிருக்கின்றன. நாங்கள் மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். களுவாஞ்சிக்குடி வீணையும் செங்கலடி வயலினும் நகரத்துத் தம்பூராவும் அப்போதுதான் எனக்கு விளங்கின. வாய்க்குள் இருக்கும்போதும் அந்தப் பல் ஆடத்தான் செய்தது. ஆனால் அந்த ஆட்டம் சேருக்கு மட்டுமே கேட்டது.

முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்க, ராத்தா பீரிசை இருந்த இடத்திலேயே வைத்தார். சேர் வந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் பல்லைப் போட்டுக்கொண்டு, பீரிசை ராத்தாவிடம் கொடுத்து நன்றி சொன்னார். இன்னொரு முறை பார்ப்போம் என்று கடித்தார். மிஸ் தட்டினார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சேர் நிமிர்ந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"இரிக்கு தவமணி. இப்ப உள்ளுக்குப் போயிற்று. ஒளிக்கிற இரைச்சல் கூடாது."

பிறகு காக்காவின் பக்கம் திரும்பி, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். காக்காவுக்கு விளங்கவில்லை. ஏறாவூரில் பிரதான வீதியில் வீடு, வாசலில் நின்றால் பஸ்ஸுக்குப் பின்னால் பஸ். அவர் எல்லாப் பஸ்களின் பெயரையும் சொல்லி, எது வேகம், எதில் இடம் இருக்கும் என்று விவரித்து, கடைசியில் தானே வாகனத்தில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். பகல் சாப்பாடு சாப்பிடாமல் போக முடியாது என்றும் சொன்னார். மிஸ் குச்சிகளைக் கம்பளிக்கு மேல் பக்கம் பக்கமாக வைத்தார். அவருடைய கண் நிறைந்திருந்தது. பஸ் என்ற சொல்லின் பொருள் அவருக்கும் தெரியும்.

சேரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது நினைப்பது லேசு. இருபது வருடத்துக்கு மேல் அவரோடு வேலை செய்திருக்கிறேன். உங்களுடைய பல் ஆடுகிறது என்று ஒரு மனிதரிடம், அதுவும் அந்நியர் வீட்டில், அதுவும் பல்லைக் கழற்றச் சுவர்ப்பக்கம் திரும்புகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது. சோற்றுக்கு உதவி செய்யும் சாட்டில் ராத்தாவோடு குசினிக்குப் போனேன். ராத்தா காக்காவையும் உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். காக்கா சிரிக்கவில்லை. வாத்தியத்தில் பழுதில்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டார். பிறகு, பெரிய மனிசன், சொல்லக்கூடாது என்றார். ராத்தாவும் சொல்லக்கூடாது என்றார். சேரை நோகாமல் திருப்புவதற்கு என்ன வழி என்று நான் கேட்டேன். காக்கா மீன் பொரிகிற சட்டியைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றார்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அவர் சேருக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

"சேர், ஒண்டு சொல்லுறன், குறை நினைக்காதீங்க. இத செஞ்ச உஸ்தா கடிச்சிப் பாக்கிறல்ல. நெத்தியத்தான் வைப்பாரு. பல்ல இறுக்கிக் கடிச்சிக்கிட்டு, நெத்திய இந்த ஓரத்தில வைக்கணும். அப்பதான் உள்ளுக்கு இரிக்கிறது கேக்கும்."

உஸ்தா என்றால் அந்த ஈரான்காரத் தச்சர். நான் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பல்லை இறுக்கிக் கடித்தால் பொய்ப்பல் ஆடாது. நெற்றியை வைத்தால் பல் மரத்தில் படவே படாது. ஒரு சட்டி மீன் பொரிகிற நேரத்தில் ஒரு மனிதர் இத்தனை அழகாக ஒரு பொய்யைச் செய்ய முடியுமா என்று இருந்தது.

சேருக்கு ஆர்வம் வந்துவிட்டது. செய்தவருடைய முறை என்றால் அதற்கு அவரிடம் தனி மரியாதை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பல்லைக் கடித்தார். நெற்றியைச் சந்தூரின் ஓரத்தில் வைத்தார். மிஸ் கீழிருந்து மேலாக ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார். அந்தக் கீழ்ச் சுரத்தை மூன்று தரம் தட்டச் சொன்னார் சேர். அவர் நிமிர்ந்தபோது நெற்றியில் இருந்த விபூதியில் பாதி வால்நட் மரத்தில் இருந்தது. பதறிப்போய்த் தன் லேஞ்சியாலேயே அதைத் துடைத்தார். காக்கா, பரவாயில்ல சேர், இரிக்கட்டும் என்றார்.

காலையிலிருந்து இரண்டு கிளாஸ் தண்ணீர், ஒரு பலூடா, இரண்டு தேத்தண்ணீர் குடித்திருந்த மனிதர் ராத்தாவைப் பார்த்துக் கேட்டார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

மிஸ் எழும்பி வெளியே போய்விட்டார். மதிலோரம் நின்று அழுதிருக்கிறார். ராத்தா பின்னால் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சேருக்கு நெற்றி முறை பிடித்துப்போய்விட்டது. பல்லை விட நெற்றி நுணுக்கம் என்று அடுத்த வாரமே அறிவித்தார். தான் வேண்டாமென்று விட்டுவந்த மூன்று வாத்தியங்களையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். போனோம். மூன்றும் தேறின. செங்கலடி ஆசிரியர் வயலினைத் தந்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, போன முறை கடித்தார், இந்த முறை முட்டுகிறார், அடுத்த முறை என்ன செய்வார் என்று கேட்டார். நான் அடுத்த முறை இல்லை என்று சொல்லி வயலினை விரைவாக எடுத்துக்கொண்டு வந்தேன்.

விரிவுரையிலும் சேர் அதைச் சொல்லிக் கொடுத்தார். குவைத் முறை என்று பெயர் வைத்தார். மாணவர்கள் வரிசையாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டு தம்பூராவில் நெற்றியை வைத்தார்கள். மிருதங்கத்துக்கும் செய்தார்கள். களஞ்சியத்தில் எந்த வாத்தியத்தைச் சேர் பரிசோதித்தார், எதைப் பரிசோதிக்கவில்லை என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை, பரிசோதித்ததில் விபூதி இருக்கும். சேர் ஓய்வுபெறும்வரை இது நடந்தது. இந்தப் பெருங்கூத்தின் அடியில் ஒரு பொய் இருக்கிறது என்று கல்லூரியில் தெரிந்தவர்கள் மிஸ்ஸும் நானும் மட்டும்தான். களஞ்சியக் கதவைப் பூட்டிக்கொண்டு இருவரும் கண்ணீர் வரச் சிரித்த நாட்கள் உண்டு.

சந்தூர் வகுப்பின் முதல் மாணவர்கள் வாசித்த அன்று ஹனீபா காக்காவையும் ராத்தாவையும் அழைத்திருந்தோம். காக்கா மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் இருந்து கேட்டார். எல்லோரும் போன பிறகு, அதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாமா என்று மிஸ்ஸிடம் கேட்டார். ஆணிகளைத் தொட்டுப் பார்த்தார். துரு இல்லை. சேர் அப்போது வெளியே விருந்தினர்களோடு நின்றார். அவருக்குக் கேட்காது என்று தெரிந்து, அந்தப் பொய் அன்று உங்களுக்கு எப்படி உடனே வந்தது காக்கா என்று நான் கேட்டேன்.

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"எந்தப் பொய்?"

நெற்றியை வைக்கச் சொன்னீர்களே, அது என்றேன்.

அது பொய்யில்லை என்றார் காக்கா. உஸ்தாவுக்கு இரண்டு காதும் கேட்காது. வயது முழுக்க வாள் மெசினுக்குப் பக்கத்தில் நின்று காது போய்விட்டது. காக்கா வேலை முடிந்து பின்னேரங்களில் அந்தக் கடைக்குப் போவார். உஸ்தா ஒரு சந்தூரைச் செய்து முடித்தால், குச்சியைக் காக்காவின் கையில் கொடுத்து, கீழிருந்து மேலாகத் தட்டச் சொல்லிவிட்டு நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு கம்பி பிழைத்தால் விரலால் காட்டுவார். காக்காவுக்கு இசை தெரியாது, தட்டுவது மட்டும் அவருடைய வேலை. கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனபோது உஸ்தா கடைசியாகச் செய்ததைக் காக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

"பல்ல இறுக்கிக் கடிங்க எண்டு சொன்னது மட்டுந்தான் மகள் நான் சேத்தது."

காக்கா தொப்பியைக் கழற்றி ராத்தாவிடம் கொடுத்தார். இத்தனை வருடமும் தட்டியது தான்தான், தட்டிக்கொண்டு நெற்றியை வைக்க முடியாது, வீட்டிலும் யாரையும் தட்டித் தரச் சொல்லிக் கேட்டதில்லை என்று சொன்னார். பிறகு மிஸ்ஸைப் பார்த்து, கீழிருந்து மேலாக மெதுவாகத் தட்டுவீங்களா மகள் என்று கேட்டார்.

மிஸ் குச்சிகளை எடுத்தார். காக்கா குனிந்து நெற்றியை ஓரத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மிஸ் கடைசிக் கம்பிவரை போய்விட்டு, அவர் எழும்பாததைக் கண்டு, மறுபடியும் கீழிருந்து தொடங்கினார். இரண்டாம் முறை முடிந்த பிறகும் காக்கா கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்து தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டு, ராத்தாவிடம் சொன்னார்.

"உஸ்தாவுக்கு நல்லாத்தான் கேட்டிரிக்கி."